கராஜுக்குள் ஒரு பட்டறை: அமெரிக்காவில் புதிதாக வீடு வாங்கியவர்களுக்கு

கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஒரு விதி உண்டு. உங்கள் வீட்டு கராஜில் காருக்கு ஆயில் மாற்றலாம், பிரேக் பேட் மாற்றலாம், பஞ்சர் பார்க்கலாம். ஆனால் ‘சாதாரணமாக ஒரு வீட்டில் இருக்காத’ கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது. அந்த வீட்டில் குடியிருக்காத ஒருவர் பெயரில் பதிவான வண்டியில் கை வைக்கக் கூடாது. மூடிய கராஜுக்கு வெளியே வேலை பார்த்து, வண்டியை 24 மணி நேரத்துக்கு மேல் ஓடாத நிலையில் போட்டுவைக்கக் கூடாது. 2019-ல் இந்த விதி இணையத்தில் பரவியபோது கார்ப் பிரியர்கள் கொதித்துப் போனார்கள். எது சாதாரணக் கருவி என்று யார் முடிவு செய்வது? ஒரு வீட்டில் டார்க் ரெஞ்ச் செட்டே இருக்கும், அடுத்த வீட்டில் ஒரு ஸ்க்ரூடிரைவர்கூட இருக்காது.

விதி மோசமாக எழுதப்பட்டிருக்கிறது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அதன் பயம் பொய்யில்லை. ஒருவர் கராஜில் ஆரம்பித்து, நண்பர்களின் கார்கள் வரிசையாக வந்து, டிரைவ்வேயில் என்ஜின் இல்லாத வண்டி ஒன்று மாதக்கணக்கில் நின்று, கழிவு ஆயில் தெருச் சாக்கடைக்குள் போவது நடக்காத கதை அல்ல. எந்த நிலத்தில் என்ன நடக்கலாம் என்று வகுக்கும் விதிகளுக்கு சோனிங் என்று பெயர். அதைக் கவனிக்கும் அதிகாரியின் கண்ணில் உங்கள் பொழுதுபோக்கு ஒரு பொருட்டே இல்லை. கராஜிலிருந்து வெளியே வருவது என்ன, அதனால் யாருக்குத் தொந்தரவு, யாருக்கு லாபம் என்பதுதான் அவருக்குக் கணக்கு. கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவை.

நம்மவர்கள் பெரும்பாலும் அபார்ட்மென்ட்டில் சில வருடங்கள் இருந்துவிட்டுத் தனி வீடு வாங்குகிறோம். இரண்டு கார் நிற்கும் கராஜைப் பார்த்ததும் கை பரபரக்கிறது. தச்சு வேலை, பழைய கார், 3டி பிரின்டர், பறைப் பயிற்சி, கேரம் போர்டு செய்வது என்று ஆளுக்கொரு ஆசை. கருவி வாங்கும் முன் ஒரு வார இறுதியை இந்தக் காகித வேலைக்கு ஒதுக்குங்கள்.

படி 1: உங்கள் வீட்டை ஆள்வது யார் என்று கண்டுபிடியுங்கள்

தபால் முகவரியை நம்பாதீர்கள். முகவரியில் ‘சாக்ரமெண்டோ’ என்று இருக்கும், வீடு நகர எல்லைக்கு வெளியே கவுண்டி நிலத்தில் இருக்கும். ஹூஸ்டன் பக்கம் கேட்டி, சைப்ரஸ் என்று நம்மவர்கள் வாங்கிக் குவிக்கும் பகுதிகளிலும் இதே கதை. முகவரி ஒரு ஊர், நிர்வாகம் வேறு. கவுண்டியின் சொத்து வரித் தளத்தில் உங்கள் வீட்டு எண்ணைப் போட்டால், எந்த நகரத்துக்கு வரி போகிறது என்பது தெரிந்துவிடும். நகரத்தின் பெயரே இல்லையென்றால் நீங்கள் கவுண்டியின் கீழ்.

மாநிலத்துக்கு மாநிலம் இது வேறு வேறு பொருள் தரும். கலிஃபோர்னியாவில் கவுண்டிக்கும் சோனிங் அதிகாரம் உண்டு. டெக்சாஸில் கவுண்டிகளுக்குப் பொதுவாக அந்த அதிகாரம் இல்லை. ஆகவே ஹாரிஸ் கவுண்டியில் நகர எல்லைக்கு வெளியே இருப்பவருக்கு சோனிங் தொல்லை கிடையாது, எச்.ஓ.ஏ. எனும் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் தொல்லை மட்டும்தான். ஹூஸ்டன் நகரத்துக்கு உள்ளேயும் வழக்கமான சோனிங் இல்லை. 1948, 1962, 1993 என்று மூன்று முறை வாக்கெடுப்பில் மக்கள் அதை நிராகரித்தார்கள். உடனே, சுதந்திர பூமி என்று துள்ள வேண்டாம். பத்திரத்திலேயே எழுதப்பட்ட கட்டுப்பாடுகள் அங்கே உண்டு, அவற்றை மீறினால் நகரமே வழக்குப் போட முடியும்.

படி 2: சோனிங் விதியை நீங்களே படியுங்கள்

நகரத் தளத்தில் சோனிங் வரைபடம் இருக்கும். முகவரியைத் தட்டினால் ஒரு குறியீடு வரும். ஆர்-1 என்று ஆரம்பித்தால் தனி வீட்டுப் பகுதி. சான் ஹோசேயில் ஆர்-1-8 என்றால் ஓர் ஏக்கருக்கு எட்டு வீடுகள். அதன்பின் நகரத்தின் சட்டத் தொகுப்பை (முனிசிபல் கோட்) திறந்து நான்கு சொற்களைத் தேடுங்கள்: அக்செசரி யூஸ், ஹோம் ஆக்குபேஷன், வெஹிக்கிள் ரிப்பேர், நாய்ஸ். தொகுப்பு ஆயிரக்கணக்கான பக்கம் இருக்கலாம், உங்களுக்கு வேண்டியது ஏழெட்டுப் பக்கம்.

அக்செசரி யூஸ் என்பது குடியிருப்புக்குத் துணையாக வழக்கமாக நடக்கும் காரியங்கள். பொழுதுபோக்குத் தச்சு வேலை, சொந்தக் காரைப் பழுது பார்ப்பது எல்லாம் இதில்தான் அடங்கும், பெரும்பாலும் தனி அனுமதி வேண்டியதில்லை. ஹோம் ஆக்குபேஷன் என்பது வீட்டிலிருந்து பணம் ஈட்டும் வேலை. அதற்குத் தனி விதி, பல ஊர்களில் தனி பெர்மிட்.

ஒன்றை மட்டும் பலரும் கவனிப்பதில்லை. எத்தனையோ நகரங்களில் தனி வீட்டுக்கு இத்தனை கார் மூடிய இடத்தில் நிற்க வசதி வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த இடம் உங்கள் கராஜ். டேபிள் சாவை (மரம் அறுக்கும் மேசை ரம்பம்) தரையில் போல்ட் போட்டு இறுக்கி, சுவர் நெடுக அலமாரி அடித்து, கார் நுழையவே முடியாதபடி செய்துவிட்டால் அதையே மீறலாகச் சொல்ல முடியும். இதனால்தான் அனுபவஸ்தர்கள் எல்லாக் கருவிக்கும் சக்கரம் வைக்கிறார்கள். இடம் மிச்சம் என்பது ஒரு காரணம், ‘கார் நிறுத்தும் இடத்தை அழிக்கவில்லை’ என்று காட்ட முடிவது இன்னொன்று. கலிஃபோர்னியாவில் கராஜைச் சட்டப்படி ஒரு சிறு வீடாக மாற்றினால், போன பார்க்கிங்குக்குப் பதில் இடம் காட்டு என்று நகரம் கேட்க முடியாது. அந்தச் சலுகை குடியிருக்கும் வீட்டுக்குத்தான், உங்கள் தச்சுப் பட்டறைக்கு அல்ல.

இந்த சோனிங் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி. ஒஹாயோவில் கிளீவ்லாந்தை ஒட்டிய யூக்ளிட் என்ற ஊர் தன் நிலங்களைக் குடியிருப்பு, தொழில் என்று பிரித்தது. நிலத்தின் மதிப்பு போய்விட்டது என்று ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனி வழக்குப் போட்டது. 1926-ல் உச்ச நீதிமன்றம் ஊர் பக்கம் நின்றது. சரியான பொருளே தவறான இடத்தில் இருந்தால் தொல்லைதான், தொழுவத்தில் இருக்க வேண்டிய பன்றி வரவேற்பறைக்குள் வந்ததைப் போல, என்று தீர்ப்பில் எழுதினார்கள். நூறு வருடம் கழித்தும் உங்கள் டேபிள் சாவை அந்தப் பன்றியாகத்தான் சட்டம் பார்க்கிறது.

படி 3: எச்.ஓ.ஏ. ஆவணத்தைப் புரட்டுங்கள்

வீட்டு உரிமையாளர் சங்கம் இருந்தால், நகரம் அனுமதிப்பதையும் அது தடுக்கலாம். வீடு வாங்கும்போது கையெழுத்துப் போட்ட காகிதக் கட்டில் சி.சி. அண்ட் ஆர். என்ற கட்டுப்பாட்டு விதிகளின் ஆவணம் இருக்கும். அதில் கராஜ் என்று வரும் ஒவ்வொரு வரியையும் பாருங்கள். ‘வாகனம் நிறுத்த மட்டும்’, ‘உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் தவிரக் கதவு மூடியிருக்க வேண்டும்’, ‘வணிக நடவடிக்கை கூடாது’ ஆகிய மூன்றும்தான் அடிக்கடி சண்டைக்குக் காரணமாகின்றன. சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்கவோ, மினி ஸ்ப்ளிட் ஏசி மாட்டவோ கட்டடக் குழுவின் ஒப்புதல் தேவைப்படும்.

எச்.ஓ.ஏ.க்கள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். கலிஃபோர்னியாவின் ஆபர்ன் ஊரில் ஒரு சங்கம், யாரோ ஒருவர் கராஜில் ஆள் குடிவைத்திருந்தது தெரிந்ததும், 2018-ல் எல்லோரும் வார நாட்களில் காலை 8 முதல் மாலை 4 வரை கராஜ் கதவைத் திறந்தே வைக்க வேண்டும், இல்லையென்றால் 200 டாலர் அபராதம் என்றது. ஊர் முழுக்கத் திருடனுக்கு வழி காட்டும் இந்த உத்தரவு தேசியச் செய்தியானது. வேறொரு சங்கத்தில் கதவு திறந்திருந்தால் அபராதம். உங்கள் சங்கம் எந்த ரகம் என்பதைக் காகிதம்தான் சொல்லும்.

மாநிலச் சட்டம் உங்களுக்குக் கொஞ்சம் கவசம் தருகிறது. கலிஃபோர்னியாவில் அபராதம் போடும் முன் சங்கம் 10 நாள் முன்னதாக எழுத்தில் சொல்லி, போர்டு முன் பேச வாய்ப்பளிக்க வேண்டும். நீங்கள் பேச்சுவார்த்தை கேட்டால் அது மறுக்கவும் முடியாது, அதற்குக் கட்டணம் வாங்கவும் முடியாது. 2025-ல் வந்த மாற்றத்தின்படி, உடல்நலம் பாதுகாப்பு சம்பந்தப்படாத மீறல் ஒன்றுக்கு 100 டாலருக்கு மேல் அபராதம் கூடாது. டெக்சாஸில் முறையான தபால் அறிவிப்பு வேண்டும், அனுப்பிய 30 நாளுக்குள் நீங்கள் ஹியரிங் கேட்கலாம். அந்த 30 நாளைத் தவறவிட்டுப் பிறகு குதிப்பவர்கள்தான் அதிகம்.

படி 4: கம்பி, தீ, புகை

இது பக்கத்து வீட்டுப் பிரச்சினை இல்லை என்று தோன்றும். ஆனால் சத்தம் பற்றி வந்த புகாரைப் பார்க்க வரும் அதிகாரி, பெர்மிட் இல்லாமல் இழுத்த 240 வோல்ட் வயரைப் பார்த்துவிட்டுப் போனால், சின்ன வழக்கு பெரிய வழக்காகும்.

சாதாரண கராஜ் சர்க்யூட் 15 அல்லது 20 ஆம்ப். டேபிள் சாவும் தூசி உறிஞ்சும் ஷாப் வாக்கும் ஒரே நேரத்தில் ஓடினால் பிரேக்கர் விழும். புது சர்க்யூட் போடப் பெர்மிட் எடுங்கள். குடியிருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரரே பெர்மிட் எடுக்கப் பல நகரங்கள் விடுகின்றன. வீட்டுக்கும் கராஜுக்கும் நடுவில் இருக்கும் கதவு தீ தாங்கும் கதவு, தானாக மூடிக்கொள்ளும்படிதான் பல ஊர்களில் விதி. தட்டு, பலகை தூக்கிப் போக இடைஞ்சல் என்று அந்த ஸ்பிரிங்கைக் கழற்றாதீர்கள். பூனைக்கு அதில் ஓட்டையும் போடாதீர்கள்.

கேஸ் வாட்டர் ஹீட்டர் கராஜிலேயே இருந்தால் ஸ்பிரே லாக்கர், தின்னர் எல்லாவற்றையும் வெளியே வைத்துச் செய்யுங்கள், அல்லது செய்யாதீர்கள். ஹீட்டரைத் தரையிலிருந்து 18 அங்குலம் உயர்த்தி வைக்கச் சொல்வதே, பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து போய்த் தீப்பிடிக்கும் என்பதால்தான். லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டால் யாரும் கொளுத்தாமலே அது பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய உலோக டப்பாவில் மூடி வையுங்கள். கதவை மூடிக்கொண்டு கார் என்ஜினை ஓடவிடக் கூடாது என்பதை மீண்டும் சொல்லத் தேவையில்லை என்று நம்புகிறேன்.

படி 5: வெளியே போவதைக் குறையுங்கள்

சத்தம்தான் முக்கால்வாசிச் சண்டை. நகர விதிகள் இரண்டு விதம். ஒன்று நேரம்: மின்கருவிகளுக்குக் காலை 7 அல்லது 8 மணியில் தொடங்கி இரவு வரை, ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தாமதமாக. இன்னொன்று அளவு: எல்லைக்கோட்டில் இத்தனை டெசிபல். சான் ஹோசே போன்ற ஊர்கள் குடியிருப்பு எல்லையில் 55 டெசிபல் என்று வைத்திருக்கின்றன. டேபிள் சா அருகில் நிற்பவர் காதில் அது 95-ஐத் தாண்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும் என்று கணக்குப் போட்டால், பக்கத்து வீட்டுச் சுவர் பத்தடியில் இருக்கும் புறநகர் மனையில் 55-க்கு இறங்க வாய்ப்பில்லை. ஐஃபோனில் நியோஷ் என்ற அரசுப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பின் இலவச சத்தம் அளக்கும் ஆப் இருக்கிறது. ஒருவரைக் கருவி ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் வேலியோரம் போய் அளந்து பாருங்கள்.

அளந்தவர்கள் கண்டுகொள்வது ஒன்று: கராஜின் பலவீனம் சுவர் அல்ல, கதவு. மெல்லிய தகடு, சுற்றிலும் இடைவெளி. கீழேயும் ஓரங்களிலும் ரப்பர் பட்டை ஒட்டி, கதவின் பலகங்களுக்குள் இன்சுலேஷன் அட்டை வைத்தாலே கிரீச்சென்ற உயர்ந்த ஒலி நன்றாகக் குறையும். சுவரில் ஒட்டும் கறுப்புப் பஞ்சுத் துண்டுகளுக்குக் காசைக் கொட்டாதீர்கள். அவை அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், வெளியே போகும் ஒலியை அல்ல. கம்ப்ரஸரைச் சத்தம் குறைந்த ரகமாக வாங்குங்கள், தடித்த ரப்பர் விரிப்பின்மேல் வையுங்கள். சாதா கம்ப்ரஸர் நீங்கள் சும்மா இருக்கும்போதும் திடீரென்று தானே ஓடும். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப் போடுவது அந்தத் திடீர்தான்.

பறை, தவில், டிரம்ஸ் வேறு விஷயம். அமெரிக்காவில் பறைக் குழுக்கள் பெருகிவிட்டன, பலரும் யாராவது ஒருவர் வீட்டு கராஜில்தான் ஆரம்பிக்கிறார்கள். அடித்தாளத்தின் தாழ்ந்த ஒலியை ரப்பர் பட்டையோ இன்சுலேஷனோ நிறுத்தாது. பத்துப் பேர் சேர்ந்து பறை அடிக்க எந்த கராஜும் லாயக்கில்லை என்பது என் முடிவு. தனியாள் பயிற்சிக்கு கராஜ், குழுப் பயிற்சிக்குச் சமூகக் கூடமோ கோயில் மண்டபமோ பள்ளியின் அரங்கோ என்று பிரித்துக்கொள்ளுங்கள். பூங்கா என்றால் நகரத்திடம் ஒலி அனுமதி கேளுங்கள்.

வாசனையும் தூசியும் அடுத்தது. மரத்தூள் பக்கத்து வீட்டுக் கார்மேல் படிந்தால் பேச்சுக்கே இடமில்லாமல் போகும். கதவைத் திறந்து வைத்து ஃபேன் போட்டு வெளியே ஊதித் தள்ளுவது சுலபம் என்பதற்காக அதைச் செய்யாதீர்கள். கழிவு ஆயிலைத் தெருவோரச் சாக்கடையில் ஊற்றினால் அது சுத்திகரிப்பு ஆலைக்குப் போகாமல் நேரே ஓடைக்கும் கடலுக்கும் போகிறது, சட்டப்படி குற்றமும்கூட. ஆட்டோஜோன், ஓரைலி போன்ற உதிரிபாகக் கடைகள் பழைய ஆயிலை இலவசமாக வாங்கிக்கொள்கின்றன. காருக்கு ஸ்பிரே பெயின்ட் அடிப்பவர்களுக்கு: மத்திய அரசின் காற்று விதி பொழுதுபோக்காக அடிப்பவரை விட்டுவைக்கிறது, ஆனால் வருடத்தில் இரண்டு வண்டிக்கு மேல் போனால் அந்த விலக்கு போய்விடும். உள்ளூர்க் காற்றுத் தர வாரியங்கள் இதைவிடக் கடுமையாக இருக்கலாம்.

வண்டிகள். ஓடாத கார் கராஜுக்குள் இருக்கும் வரை யாருக்கும் கவலையில்லை. டிரைவ்வேயில், ஜாக் ஸ்டாண்டின்மேல், டயர் இல்லாமல் நின்றால் புகார் நிச்சயம். தெருவில் நிறுத்தினால் கலிஃபோர்னிய நகரங்கள் பலவற்றில் 72 மணி நேரத்துக்குப் பிறகு இழுத்துப் போய்விடலாம். பழைய கார் புதுப்பிக்க ஆசையென்றால், அந்தக் காருக்கு கராஜுக்குள் இடம் உண்டா, குடும்பக் கார்கள் இரண்டும் எங்கே நிற்கும் என்பதை வாங்கும் முன் மனைவியோடு உட்கார்ந்து பேசுங்கள். அக்கம்பக்கத்துச் சண்டைக்கு முன் அந்தச் சண்டை வரும்.

படி 6: பணம் வாங்கும் முன்

நண்பர் ஒரு கட்டில் கேட்கிறார், செய்து கொடுக்கிறீர்கள், பொருட்செலவைத் தருகிறார். அதுவரை பொழுதுபோக்கு. இணையத்தில் படம் போட்டு விலை வைத்து விற்க ஆரம்பித்ததும் நகரத்தின் பார்வையில் அது ஹோம் ஆக்குபேஷன். வழக்கமான நிபந்தனைகள்: வெளியாள் வேலைக்கு வரக் கூடாது, வாடிக்கையாளர் வரிசையாக வரக் கூடாது, பெயர்ப்பலகை கூடாது, வீட்டின் குறிப்பிட்ட பங்குக்கு மேல் பிடிக்கக் கூடாது. கார் பழுதுபார்ப்பைப் பல ஊர்கள் இந்தப் பட்டியலிலிருந்து அடியோடு விலக்கிவிடுகின்றன. ஃபுளோரிடாவில் மட்டும் 2021 சட்டம் நகரங்களின் கையைக் கட்டிப் போட்டு, வீட்டுத் தொழிலுக்குத் தாராளமாக இடம் கொடுத்திருக்கிறது.

நகர அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. எச்1பி விசாவில் இருப்பவர் தனக்கு ஸ்பான்சர் செய்த நிறுவனத்துக்கு வெளியே உழைத்துச் சம்பாதிக்கக் கூடாது. கராஜில் மேசை செய்து விற்பதும், தெரிந்தவர் காரைச் சரி செய்து பணம் வாங்குவதும் அனுமதி இல்லாத வேலையாகக் கருதப்படலாம், கிரீன் கார்டு நேரத்தில் அது கழுத்தைப் பிடிக்கும். வேலை அனுமதி அட்டை வைத்திருக்கும் எச்4 துணைவர் பெயரில் செய்யலாமா என்பதைக் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். வீட்டுக் காப்பீடும் தொழில் சம்பந்தப்பட்ட நஷ்டத்தை ஏற்காமல் கைவிரிக்கக்கூடும்.

படி 7: பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ப் பேசுங்கள்

நகரங்களில் இந்த விதிகளை அமல்படுத்தும் பிரிவுக்குக் கோட் என்ஃபோர்ஸ்மென்ட் என்று பெயர். தெருத் தெருவாகச் சுற்றி வர அவர்களுக்கு ஆள் பலம் கிடையாது, புகார் வந்தால்தான் வருவார்கள். அதனால்தான் ஒரே தெருவில் ஒருவர் வருடக்கணக்கில் மரம் அறுத்துக்கொண்டிருப்பார், இன்னொருவருக்கு ஆரம்பித்த மாதமே கடிதம் வரும். உலகத்துக்கே தெரிந்த கராஜ் பாலோ ஆல்ட்டோவில் அடிசன் அவென்யூவில் இருக்கிறது. எச்.பி. நிறுவனத்தை உருவாக்கிய ஹ்யூலெட்டும் பேக்கார்டும் 1938-ல் அங்கே வேலையைத் தொடங்கினார்கள், இன்று வாசலில் அதற்கு நினைவுப் பலகை. அண்டை வீட்டார் ஒத்துழைத்தார்களா என்பது பலகையில் இல்லை.

நமக்கு ஒரு பழக்கம் உண்டு. ஊரில் கதவைத் தட்டாமலே உள்ளே போய்ப் பேசுவோம். இங்கே வந்தால் வருடக்கணக்கில் கையசைப்போடு நிறுத்திக்கொள்வோம். முதல் பேச்சே சண்டையாக இருந்தால் சரிசெய்வது கஷ்டம். கருவி வந்து இறங்கும் முன்பே இரு பக்கத்து வீட்டுக்கும், எதிர் வீட்டுக்கும், வேலிக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பின்வீட்டைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். வார இறுதியில் கராஜில் மர வேலை செய்யப் போகிறேன், சனிக்கிழமை பத்து மணிக்கு மேல்தான் சத்தம் வரும், தொந்தரவாக இருந்தால் இந்த எண்ணுக்கு மெசேஜ் அனுப்புங்கள், உடனே நிறுத்துகிறேன். அதன்பின் ஒரு கேள்வி: உங்களுக்கு ஒத்துவராத நேரம் ஏதாவது உண்டா? இந்தக் கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம். எதிர்வீட்டுப் பெண் இரவு ஷிஃப்ட் நர்ஸாக இருக்கலாம், மதியம்வரை தூங்குவார். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கலாம். நகர விதி காலை ஏழு மணிக்கே அனுமதித்தாலும், அந்த நர்ஸிடம் விதி எண்ணைக் காட்டி ஜெயிப்பதில் பிரயோஜனமில்லை. சத்தமான வேலைகளை ஒன்றுசேர்த்து இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டு, உளி, உப்புத்தாள், பாலிஷ் போன்ற அமைதியான வேலைகளை மற்ற நேரத்துக்கு வையுங்கள். முதலில் செய்த சப்பாத்திப் பலகையோ காய் நறுக்கும் பலகையோ அந்த வீடுகளுக்குப் போகட்டும்.

பேசியும் ஒத்துவராத ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நடப்பதைத் தேதியோடு குறித்து வையுங்கள், மெசேஜ்களை அழிக்காதீர்கள். பல கவுண்டிகளில் இலவசமாகவோ குறைந்த செலவிலோ சமரச மையங்கள் உண்டு. சான்ஃபிரான்சிஸ்கோவின் கம்யூனிட்டி போர்ட்ஸ் 1976 முதல் இதைச் செய்து வருகிறது. மூன்றாம் ஆள் நடுவில் உட்கார்ந்து பேச வைக்கும் நம் ஊர்ப் பஞ்சாயத்துதான், தீர்ப்புச் சொல்பவர் மட்டும் கிடையாது.

படி 8: நோட்டீஸ் வந்துவிட்டால்

பதறாதீர்கள், கிழித்தும் போடாதீர்கள். முதல் கடிதம் பெரும்பாலும் எச்சரிக்கை மட்டும்தான். அதில் மூன்றைத் தேடுங்கள்: எந்தப் பிரிவின் கீழ், எதைச் சரிசெய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள். பிரிவு எண் இல்லையென்றால் அதிகாரிக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். அந்தப் பிரிவைப் படித்தால், ‘கராஜில் மர வேலை கூடாது’ என்று அயலார் சொன்னது, உண்மையில் ‘கதவுக்கு வெளியே பலகை அடுக்கக் கூடாது’ என்பதாக இருக்கும். அடுக்கை உள்ளே எடுத்து, புகைப்படம் எடுத்து, பதில் அனுப்பினால் கோப்பு மூடப்படும்.

அதிகாரி கராஜுக்குள் பார்க்கக் கேட்டால் மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சான்ஃபிரான்சிஸ்கோவில் எழுந்த கமாரா வழக்கில் 1967-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது அது: குடியிருப்பவர் சம்மதிக்காவிட்டால், அவசரநிலை தவிர, சோதனைக்கு வாரண்ட் வேண்டும். ஆனால் அந்த உரிமையை எடுத்த எடுப்பில் வீசாதீர்கள். மறைக்க ஒன்றுமில்லை என்றால், ஒரு நாள் குறித்து மரியாதையாக வரச்சொல்லிக் காட்டுவது விஷயத்தைச் சீக்கிரம் முடிக்கும். பெர்மிட் இல்லாத கட்டுமானம் உள்ளே இருக்கிறது என்றால், கதவைத் திறக்கும் முன் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

தேதி போதாது என்றால் எழுத்தில் நீட்டிப்புக் கேளுங்கள், நியாயமான காரணத்துக்குப் பெரும்பாலும் கிடைக்கும். சும்மா விட்டால் அபராதம் ஏறும். கலிஃபோர்னியாவில் ஒரே விதியை ஒரு வருடத்துக்குள் மீண்டும் மீண்டும் மீறினால் 100, 200, 500 டாலர் என்று போவது வழக்கம், கட்டட விதி மீறல் என்றால் இன்னும் அதிகம். அபராதத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் கெடு உண்டு, அந்தத் தேதி அதே காகிதத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும்.

யார் புகார் கொடுத்தார்கள் என்று துப்பறிய வேண்டாம். பல ஊர்களில் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ஃபுளோரிடாவில் 2021 முதல் பெயரும் முகவரியும் தராமல் புகார் கொடுக்க முடியாது. தெரிந்தாலும் பதிலுக்கு அவர் வேலியை அளந்து புகார் கொடுக்கும் ஆட்டத்தில் இறங்கினால், அதே அதிகாரி உங்கள் தெருவுக்கு அடிக்கடி வருவார், இரு வீட்டையும் பார்ப்பார்.

நீங்களே பாதிக்கப்பட்டவர் என்றால்

பக்கத்து கராஜில் இரவு பதினொரு மணிக்கு கிரைண்டர் ஓடுகிறது, தின்னர் வாசனை குழந்தையின் அறைக்குள் வருகிறது என்றால் வரிசை இதுதான்: நேரில் பேச்சு, எழுத்தில் ஒரு மெசேஜ், சமரச மையம், பிறகு 311 என்ற நகரச் சேவை எண் அல்லது கோட் என்ஃபோர்ஸ்மென்ட். தேதி, நேரம், எத்தனை நிமிடம், என்ன சத்தம் என்ற குறிப்பேடு இல்லாமல் போகாதீர்கள். இரவுச் சத்தத்துக்குப் பல ஊர்களில் காவல்துறையின் அவசரமில்லாத எண்ணைக் கூப்பிட வேண்டும். 911 அதற்கல்ல. நஷ்டஈடு கேட்கும் அளவுக்குப் போனால் சிறு வழக்கு மன்றம் இருக்கிறது: கலிஃபோர்னியாவில் தனிநபர் 12,500 டாலர் வரை, டெக்சாஸில் 20,000 வரை கேட்கலாம். கலிஃபோர்னிய சிறு வழக்கு மன்றத்தில் உங்களுக்காக வழக்கறிஞர் வாதாட முடியாது, நீங்களே நின்று பேச வேண்டும்.

கராஜ் ஒத்துவராவிட்டால்

எச்.ஓ.ஏ. கதவை இறுக்கிச் சாத்திவிட்டது, அல்லது மனை ரொம்பச் சின்னது என்றால் வெளியே இடம் தேடுவதில் வெட்கமில்லை. சன்னிவேலில் மேக்கர் நெக்சஸ் போன்ற மேக்கர்ஸ்பேஸ்களில் மாதச் சந்தா கட்டி டேபிள் சா முதல் லேசர் கட்டர் வரை பயன்படுத்தலாம். முன்பணம் பெரிதாகக் கட்டாதீர்கள். டெக்‌ஷாப் என்ற பெரிய சங்கிலி 2017 நவம்பரில் ஒரே நாளில் எல்லாக் கதவையும் மூடியது, வருடச் சந்தா கட்டியவர்கள் கையைப் பிசைந்து நின்றார்கள். கம்யூனிட்டி காலேஜ்களில் மர வேலை, ஆட்டோ வகுப்புகள் உண்டு. ஒரு செமஸ்டர் கட்டணத்துக்கு நல்ல கருவியும், தப்பைச் சுட்டிக்காட்ட ஓர் ஆசிரியரும் கிடைப்பார்கள். சில பொது நூலகங்களில் 3டி பிரின்டரும் தையல் மெஷினும் நூலக அட்டையைக் காட்டினாலே கிடைக்கும். வகுப்பு இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் பதிவு திறக்கும் நாளை முன்கூட்டியே நாள்காட்டியில் போட்டு வையுங்கள்.